காலி பாட்டிலுக்குக் காசு திரும்ப வரும். அந்தக் காசை யார் பார்த்துக்கொள்வது?

முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்பு பெட்டிக்கடையில் கலர் வாங்கிக் குடித்தவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டால் கலருக்கு மட்டும் காசு. வீட்டுக்கு எடுத்துப் போகணும் என்றால் பாட்டிலுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். "காலி பாட்டிலைக் கொண்டாந்து குடு, காசைத் திருப்பி வாங்கிக்க" என்பார் கடைக்காரர். அந்தக் காசுக்காகவே பாட்டிலைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிய பிள்ளைகள் எத்தனையோ பேர்!

இந்தப் பழக்கம் இன்றும் முழுசாகப் போய்விடவில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேனை முதல் தடவை வாங்கும்போது கேனுக்கு டெபாசிட் கொடுக்கிறோம். சமையல் எரிவாயு இணைப்பு எடுக்கும்போது சிலிண்டருக்கு டெபாசிட் கட்டுகிறோம். இணைப்பை ஒப்படைத்தால் அந்தப் பணம் திரும்பி வருகிறது. அதனால்தான் தெருவோரத்தில் காலி சிலிண்டர் அநாதையாகக் கிடப்பதை நாம் பார்ப்பதில்லை. காலி தண்ணீர் பாட்டிலை? பார்க்காத நாளே இல்லை!

இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். சிலிண்டருக்குள் நம்ம காசு இருக்கிறது. பாட்டிலுக்குள் இல்லை.

பல நாடுகள் இந்தப் பழைய பெட்டிக்கடை வழக்கத்தையே நாடு முழுவதற்குமான சட்டமாக்கியிருக்கின்றன. பிளாஸ்டிக் பாட்டில், அலுமினிய கேன் என ஒவ்வொன்றுக்கும் வாங்கும்போதே ஒரு சிறு தொகை கூடுதலாகக் கட்ட வேண்டும். காலியானதைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை கைக்கு வந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், ஒரு கடைக்குள் நடந்தபோது எழாத ஒரு கேள்வி, ஒரு நாட்டுக்கே செய்யும்போது எழுகிறது. கோடிக்கணக்கான பாட்டில்கள், கோடிக்கணக்கில் டெபாசிட் பணம். இதையெல்லாம் யார் வாங்குவது, யார் கணக்கு வைப்பது, யார் திருப்பிக் கொடுப்பது? அந்த 'யார்' என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்த நாடுகளில் திட்டம் ஓடுகிறது. அதில் சறுக்கிய இடங்களில் திட்டம் தொடங்கும் முன்பே நின்றுபோயிருக்கிறது.

பணம் எப்படிச் சுற்றி வருகிறது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாட்டிலுக்கு டெபாசிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1. குளிர்பான நிறுவனம் ஒரு பாட்டிலைச் சந்தைக்கு அனுப்பும்போது, திட்டத்தை நடத்தும் அமைப்பிடம் 10 ரூபாயைக் கட்டிவிடும்.
2. கடைக்காரர் சரக்கு எடுக்கும்போது அந்த 10 ரூபாயை நிறுவனத்துக்குக் கொடுப்பார்.
3. நீங்கள் பாட்டில் வாங்கும்போது விலையோடு சேர்த்து அந்த 10 ரூபாயைக் கடைக்காரரிடம் கொடுப்பீர்கள்.
4. காலி பாட்டிலை வேறு ஏதாவது ஒரு கடையில் கொடுத்து 10 ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்கள்.
5. அந்தக் கடைக்காரர் தன் கையிலிருந்து கொடுத்த 10 ரூபாயையும், பாட்டிலை வாங்கி வைத்த சிரமத்துக்கு ஒரு சிறு கட்டணத்தையும் நடத்தும் அமைப்பு அவருக்குத் தரும்.

நாலாவது படியைக் கவனியுங்கள். வாங்கியது ஒரு கடை, திருப்பிக் கொடுத்தது இன்னொரு கடை. கோயம்பேட்டில் வாங்கிய பாட்டிலை திண்டிவனத்தில் கொடுத்தால், திண்டிவனம் கடைக்காரர் ஏன் தன் பணத்தைத் தர வேண்டும்? "நாங்க வித்ததா இது? எங்க வாங்கினீங்களோ அங்கேயே போய்க் குடுங்க" என்றுதானே சொல்வார்? அவருக்கு அந்தப் பணம் நிச்சயம் வந்து சேரும் என்று உத்தரவாதம் தர நடுவில் ஒரு பொது அமைப்பு தேவை.

யுபிஐ பயன்படுத்துபவர்களுக்கு இது உடனே புரியும். உங்கள் கணக்கு ஒரு வங்கியில், டீக்கடைக்காரரின் கணக்கு வேறொரு வங்கியில். நீங்கள் ஒரு செயலி, அவர் வேறு செயலி. ஆனாலும் 12 ரூபாய் நொடியில் போய்ச் சேர்கிறது. காரணம், நடுவில் என்பிசிஐ என்ற அமைப்பு எல்லா வங்கிகளையும் இணைத்துக் கணக்கைத் தீர்த்து வைக்கிறது. பாட்டில் திட்டத்தை நடத்தும் அமைப்பு செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். கூடுதலாக, பாட்டிலை ஏற்றி, எண்ணி, மறுசுழற்சிக்கு அனுப்பும் வேலையும் அதன் தலையில் இருக்கிறது.

நடுவில் ஆள் இல்லாமல் நடத்தினால்?

ஜெர்மனி இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டது. அங்கே 2003 ஜனவரியில் ஒரு தடவை பயன்படுத்தும் பான பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் கட்டாய டெபாசிட் வந்தது. அன்றைக்கு நாடு முழுவதற்குமான பொது ஏற்பாடு தயாராக இல்லை. விளைவு, சில பெரிய கடைகள் தங்களுக்கென்று தனி வடிவ பாட்டில்களை வைத்துக்கொண்டு அவற்றை மட்டுமே திரும்ப வாங்கின. மக்கள் எந்தப் பாட்டில் எந்தக் கடைக்கு என்று தேடி அலைய வேண்டியிருந்தது.

2005-இல் உற்பத்தியாளர்களும் வணிகர்களும் சேர்ந்து டிபிஜி என்ற பொது அமைப்பை உருவாக்கினார்கள். எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே அடையாளக் குறி, ஒரே மாதிரி பார்கோடு, கடைகளுக்குள் கணக்குத் தீர்க்க ஒரே முறை. 2006 மே மாதத்திலிருந்து, ஒரு கடை பிளாஸ்டிக் பாட்டில் விற்கிறது என்றால் வேறு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலையும் திரும்ப வாங்கியே ஆக வேண்டும் என்று விதி வந்தது. டெபாசிட் 25 சென்ட். அதன் பிறகுதான் திட்டம் மக்களுக்கு எளிதானது.

யாரிடம் கொடுக்கிறார்கள்?

உலகில் இதற்கு ஒரே விடை இல்லை. மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

• அரசே நடத்துவது. குரோஷியாவில் அரசின் சுற்றுச்சூழல் நிதியமே டெபாசிட் பணத்தைக் கையாள்கிறது.

• பொதுவான விதிகளை மட்டும் ஓர் அமைப்பு வகுத்து, வேலையை நிறுவனங்களே பிரித்துச் செய்வது. ஜெர்மனி இந்த வகை.

• குளிர்பான நிறுவனங்களும் கடைகளும் சேர்ந்து லாப நோக்கமில்லாத ஒரு நிறுவனத்தை உருவாக்க, அரசு அதற்கு அனுமதி கொடுத்துக் கண்காணிப்பது. நார்வே, சுவீடன், லிதுவேனியா, அயர்லாந்து போன்ற நாடுகள் இந்த வழியில் போகின்றன.

மூன்றாவது வழிதான் ஐரோப்பாவில் அதிகம். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாட்டிலைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே அதைத் திரும்ப எடுக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதுதான் அது. லிதுவேனியாவில் 2016-இல் 10 சென்ட் டெபாசிட்டுடன் தொடங்கிய திட்டத்தில், இரண்டே ஆண்டில் பாட்டில்கள் திரும்பும் அளவு 90 சதவீதத்தைத் தாண்டியது.

நார்வே இன்னொரு புத்திசாலித்தனமான வேலையைச் செய்தது. அங்கே பான பாட்டில்களுக்குச் சுற்றுச்சூழல் வரி உண்டு. எவ்வளவு அதிகமாகப் பாட்டில்கள் திரும்புகின்றனவோ அவ்வளவு வரி குறையும். 95 சதவீதத்தைத் தொட்டால் அந்த வரியே கிடையாது. ஆக, பாட்டில் திரும்பி வந்தால்தான் நிறுவனத்துக்கு லாபம்.

திரும்பி வராத பாட்டிலின் காசு யாருக்கு?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். 100 பாட்டில் விற்றால் அமைப்பின் கையில் 1,000 ரூபாய் டெபாசிட் சேரும். 90 பாட்டில் திரும்பினால் 900 ரூபாய் மக்களுக்குப் போய்விடும். மீதி 100 ரூபாய் அமைப்பிடமே நிற்கும். 60 மட்டும் திரும்பினால் 400 ரூபாய் நிற்கும்.

பொதுவாக இப்படிப்பட்ட அமைப்புக்கு வருமானம் மூன்று வழியில் வருகிறது. உற்பத்தியாளர்கள் கட்டும் கட்டணம், திரும்பி வந்த பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் விற்கும் காசு, யாரும் கேட்டு வராத டெபாசிட். முதல் இரண்டில் சிக்கல் இல்லை. மூன்றாவதில்தான் உறுத்தல். மக்கள் எவ்வளவு சோம்பலாக இருக்கிறார்களோ, கடைகள் எவ்வளவு அலைக்கழிக்கின்றனவோ, அவ்வளவு பணம் அமைப்பிடம் தங்கும். சேகரிக்க வேண்டிய அமைப்புக்கே, சேகரிக்காமல் இருப்பதால் ஆதாயம்!

அதனால்தான் அனுமதி கொடுக்கும்போதே அரசு சில கடிவாளங்களைப் போடுகிறது. அமைப்பு லாபம் பிரித்துக்கொள்ளக் கூடாது. மிச்சமாகும் பணம் திட்டத்துக்கே செலவாக வேண்டும். இத்தனை சதவீதம் பாட்டில்கள் திரும்பியே ஆக வேண்டும் என்று இலக்கு இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு 2029-க்குள் பிளாஸ்டிக் பான பாட்டில்களில் 90 சதவீதத்தைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. பிரிட்டனும் மூன்றாம் ஆண்டில் 90 சதவீதம் என்றே இலக்கு வைத்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் என்ன நடந்தது?

ஒரு பாட்டில்கூட வாங்காமலே ஓர் அமைப்பு மூடப்பட்ட கதை இது.

ஸ்காட்லாந்து அரசு 2020-இல் இதற்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் எல்லாவற்றுக்கும் 20 பென்ஸ் டெபாசிட். 2021 மார்ச்சில் 'சர்க்குலாரிட்டி ஸ்காட்லாந்து' என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் திட்டத்தை நடத்த அனுமதி பெற்றது. பான நிறுவனங்களும் வணிக அமைப்புகளும் அதன் பின்னால் இருந்தன. ஸ்காட்லாந்து தேசிய முதலீட்டு வங்கியும் கடன் கொடுத்தது. பாட்டில்களைச் சேகரித்து ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் பிஃபா என்ற கழிவு மேலாண்மை நிறுவனத்துக்குப் போனது.

ஆனால் தொடங்கும் தேதி மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. முதலில் 2021 ஏப்ரல் என்றார்கள், பிறகு 2022 ஜூலை, பிறகு 2023 ஆகஸ்ட், அதன் பிறகு 2024 மார்ச். சிறு பான நிறுவனங்களும் கடைகளும் செலவு கட்டுப்படியாகாது என்று எதிர்ப்புத் தெரிவித்தன.

2023 மே மாதம் பெரிய முட்டுக்கட்டை வந்தது. பிரிட்டன் முழுவதும் ஒரே சந்தை. ஒரு பகுதியில் மட்டும் தனி விதி வைப்பதற்கு லண்டனில் உள்ள மத்திய அரசின் விலக்கு தேவைப்பட்டது. கண்ணாடியைத் திட்டத்திலிருந்து நீக்கினால்தான் விலக்கு என்று மத்திய அரசு நிபந்தனை போட்டது. இந்த நிபந்தனையில் முன்னே போக முடியாது என்று ஸ்காட்லாந்து அரசு ஜூன் மாதம் திட்டத்தை 2025 அக்டோபருக்குத் தள்ளிவைத்தது.

இரண்டு ஆண்டுக்கு மேல் வருமானமே இல்லாமல், ஊழியர்களையும் ஒப்பந்தங்களையும் வைத்துக்கொண்டு ஓர் அமைப்பு எப்படித் தாங்கும்? பின்னால் நின்ற நிறுவனங்கள் பணம் தருவதை நிறுத்தின. அதே ஜூன் மாதம் சர்க்குலாரிட்டி ஸ்காட்லாந்து நொடித்துப்போனது. ஊழியர்கள் வேலை இழந்தார்கள். பொதுப்பணத்திலிருந்து வந்த கடன் சிக்கிக்கொண்டது. லாரி, இயந்திரம், கிடங்கு என்று செலவழித்த பிஃபா நிறுவனம் நஷ்ட ஈடு கேட்டு ஸ்காட்லாந்து அரசு மீது வழக்குத் தொடுத்தது.

இதில் மக்களின் டெபாசிட் போகவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். திட்டம் தொடங்கிய பிறகு இப்படி நடந்திருந்தால், லட்சக்கணக்கான வீடுகளில் காலி பாட்டில் இருக்கும், அதற்குப் பணம் தர ஆள் இருக்காது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு இங்கிலாந்து, வடக்கு அயர்லாந்து, ஸ்காட்லாந்து மூன்றும் சேர்ந்தே நடத்துவது என்று முடிவானது. கண்ணாடி சேராது, பிளாஸ்டிக், அலுமினியம், எஃகு மட்டும், 150 மில்லி முதல் 3 லிட்டர் வரை. கண்ணாடியும் வேண்டும் என்று கருதிய வேல்ஸ் 2024 நவம்பரில் தனி வழிக்குப் போய்விட்டது. 2025 மே மாதம் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே அமைப்பு நியமிக்கப்பட்டது. 'எக்ஸ்சேஞ்ச் ஃபார் சேஞ்ச்' என்பது அதன் பெயர். டெபாசிட் எவ்வளவு என்று முடிவு செய்வதும் அதன் வேலைதான். திட்டம் மக்களிடம் வர வைத்திருக்கும் தேதி 2027 அக்டோபர். நியமனத்துக்கும் தொடக்கத்துக்கும் நடுவில் இரண்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது.

அயர்லாந்து எப்படிச் சமாளித்தது?

பக்கத்து நாடான அயர்லாந்தில் 'ரீ-டர்ன்' என்ற அமைப்புக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி திட்டம் தொடங்கியது. 500 மில்லி வரை 15 சென்ட், அதற்கு மேல் 3 லிட்டர் வரை 25 சென்ட்.

தொடக்கத்தில் அங்கேயும் சலசலப்பு இல்லாமல் இல்லை. பழைய சரக்கை விற்றுத் தீர்க்க மே மாதம் வரை அவகாசம் இருந்ததால், ஒரே அலமாரியில் குறியீடு உள்ள பாட்டிலும் இல்லாத பாட்டிலும் நின்றன. குறியீடு இல்லாததை இயந்திரத்தில் போட்டவர்களுக்கு பாட்டில் திரும்பி வந்தது, காசு வரவில்லை. நசுங்கிய பாட்டிலில் பார்கோடு படிக்க முடியாமல் போனது. ஜூன் 1 முதல் குறியீடு உள்ள சரக்கை மட்டுமே விற்கலாம் என்றான பிறகு குழப்பம் குறைந்தது.

சின்னக் கடைகளை அவர்கள் கையாண்ட விதம் கவனிக்க வேண்டியது. 250 சதுர மீட்டருக்கு மேல் போகாத கடை, "திரும்ப வாங்க எனக்கு இடமில்லை" என்று விண்ணப்பித்து விலக்கு பெறலாம். நம்ம ஊர் அண்ணாச்சி கடை அளவுள்ள இடத்தில் நூறு காலி பாட்டிலை அடுக்கச் சொன்னால் அரிசி மூட்டையை எங்கே வைப்பார்?

நம்ம பக்கம் என்ன நிலைமை?

தமிழ்நாட்டில் இதற்கு நேரடி உதாரணம் நீலகிரியில் கிடைக்கிறது. காட்டிலும் மலைப்பாதையிலும் வீசப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானை உள்ளிட்ட வன விலங்குகளின் காலைக் கிழிப்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் கவலை தெரிவித்தது. நீதிமன்ற அறிவுறுத்தலின்பேரில் 2022 மே மாதம் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

இங்கே தனி அமைப்பை நியமிக்க வேண்டிய தேவை எழவில்லை. காரணம் எளிது: விற்பவர் ஒரே ஒருவர்தான். பணம் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே நிறுவனம் என்பதால் நடுவில் கணக்குத் தீர்க்க ஆள் வேண்டாம். ஆனால் பாட்டிலை வாங்கி, எண்ணி, அடுக்கும் சுமை கடைக்குத்தான். இடமும் ஆளும் போதவில்லை என்று கடை ஊழியர்கள் குரல் எழுப்பியதையும் செய்திகளில் பார்த்தோம். ஐரோப்பாவில் கடைக்காரருக்கு ஏன் கையாளும் கட்டணம் தருகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம்.

உத்தராகண்டின் கேதார்நாத்தில் 2022 யாத்திரைக் காலத்தில், பிளாஸ்டிக் பாட்டில்களில் க்யூஆர் குறியீடு ஒட்டி 10 ரூபாய் டெபாசிட் வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணம் தரும் முறை நடைமுறைக்கு வந்தது. கோவா அரசு 2024-இல் மாநிலம் முழுவதற்குமான டெபாசிட் திட்டத்துக்கு அறிவிக்கை வெளியிட்டது. மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட பிளாஸ்டிக் பேக்கிங் தொடர்பான உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்களும், நிறுவனங்கள் டெபாசிட் முறையை நடத்தலாம் என்று இடம் கொடுக்கின்றன.

டாஸ்மாக் போல ஒரே விற்பனையாளர் என்ற வசதி தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பானத்துக்கும் கிடையாது. பெரிய நிறுவனங்கள் முதல் உள்ளூர் தண்ணீர் கம்பெனி வரை ஏராளமான தயாரிப்பாளர்கள், தெருவுக்குத் தெரு கடைகள். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் நிற்க ஓர் அமைப்பைத் தேடும் நாளில், மற்ற நாடுகளின் அனுபவம் சில கேள்விகளை நம் கையில் கொடுக்கிறது:

• டெபாசிட் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா? அமைப்பு நொடித்தாலும் அது மக்களுக்குப் பத்திரமாக இருக்குமா?
• திரும்பாத பாட்டிலின் பணம் எங்கே போகிறது என்று ஆண்டுதோறும் வெளியிடுவார்களா?
• இலக்கைத் தொடாவிட்டால் அமைப்புக்கு என்ன தண்டனை?
• நிர்வாகக் குழுவில் பெரிய நிறுவனங்கள் மட்டும்தானா, சிறு கடைக்காரர்களுக்கும் இடம் உண்டா?
• பக்கத்து மாநிலத்திலிருந்து டெபாசிட் கட்டாத பாட்டிலை லாரியில் கொண்டுவந்து காசு கேட்டால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கடைசிக் கேள்வி கற்பனை இல்லை. ஜெர்மனியில் ஒரே பாட்டிலை இயந்திரத்தில் திரும்பத் திரும்பக் காட்டிப் பணம் எடுத்த ஒருவருக்குச் சிறைத் தண்டனையே கிடைத்தது.

குப்பையில் பாட்டில் பொறுக்குபவர்கள்?

இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம். இன்றைக்கும் நம்ம தெருக்களில் பிளாஸ்டிக் பாட்டில் மறுசுழற்சிக்குப் போகிறது என்றால், அதற்குக் காரணம் அதிகாலையில் சாக்குப்பையோடு வரும் மனிதர்களும் பழைய இரும்புக்கடைகளும்தான். அவர்கள் எடைக்கு விற்கிறார்கள்.

டெபாசிட் வந்தால் அவர்கள் நிலைமை இரண்டு விதமாக மாறலாம். எல்லோரும் பாட்டிலைக் கடையிலேயே கொடுத்துவிட்டால், அவர்கள் பையில் பாட்டில் குறையும். ஆனால் கிடைக்கும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் எடைக் காசுக்குப் பதில் முழு டெபாசிட் கிடைத்தால், வருமானம் கூடவும் வாய்ப்பிருக்கிறது. ஜெர்மனியில் பலர் இப்படிப் பாட்டில் சேகரித்தே கைச்செலவைப் பார்க்கிறார்கள். அவர்கள் குப்பைக்குள் கைவிட வேண்டாம் என்று, சில நகரங்களில் குப்பைத்தொட்டியைச் சுற்றி பாட்டில் வைக்கும் வளையம் பொருத்தியிருக்கிறார்கள். வேண்டாதவர்கள் அதில் வைத்துவிட்டுப் போவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எது நடக்கும் என்பது திட்டத்தின் விதியில் இருக்கிறது. பில் இருந்தால்தான் காசு, ஆதார் இருந்தால்தான் காசு, ஸ்மார்ட்போன் இருந்தால்தான் காசு என்று வைத்தால், சாக்குப்பைக்காரர் வெளியே நிற்பார். பாட்டிலைக் கொண்டுவருபவர் யாராக இருந்தாலும் காசு என்று வைத்தால், அவரும் உள்ளே வருவார். நடத்தும் அமைப்பை நியமிக்கும் உத்தரவில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

உங்களுக்கு எழக்கூடிய சந்தேகங்கள்

டெபாசிட் என்பது வரியா?
இல்லை. வரி அரசுக்குப் போய்விடும். டெபாசிட் உங்கள் பணம். பாட்டிலைக் கொடுத்ததும் திரும்பி வர வேண்டும். விலையோடு கலக்காமல் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டிலை நசுக்கிக் கொடுக்கலாமா?
இயந்திரம் உள்ள இடத்தில் வேண்டாம். பார்கோடு தெரிந்தால்தான் கணக்கு. நசுக்கும் வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். அதே பாட்டிலை மறுபடி யாரும் கொண்டுவரக் கூடாது என்பதற்காக. ஸ்டிக்கரையும் கிழிக்காமல் வைத்திருங்கள்.

க்யூஆர் ஸ்கேன் செய்து பணம் வாங்கும் முறை இருந்தால் என்ன கவனிக்க வேண்டும்?
பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. "பாட்டில் ரீஃபண்ட் வந்திருக்கு, பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி. உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

காசைத் திருப்பித் தர மறுத்தால்?
பில் அல்லது பாட்டிலில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணிலும், தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணிலும் அழைத்துப் புகார் பதிவு செய்யலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

இப்போதைக்கு நான் என்ன செய்யலாம்?
தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் டெபாசிட்டும் வேண்டாம், திருப்பிக் கொடுக்கும் வேலையும் வேண்டாம். வாங்க நேர்ந்தால், காலி பாட்டிலை ஈரக் குப்பையோடு போடாமல் தனியாகக் கொடுங்கள். சோறும் குழம்பும் ஒட்டிய பாட்டிலை விட, சுத்தமான பாட்டிலுக்கு மறுசுழற்சியில் மதிப்பு அதிகம்.

அந்தக் காலத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் கணினி இல்லை, பார்கோடு இல்லை. கொடுத்த பாட்டிலும் கொடுத்தவர் முகமும் அவருக்கு ஞாபகம் இருந்தது. காசு திரும்பி வரும் என்று நமக்கும் நம்பிக்கை இருந்தது. முகம் தெரியாத ஓர் அமைப்பிடம் அதே வேலையைக் கொடுக்கும்போது, ஞாபகத்தின் இடத்தில் கணக்கும், நம்பிக்கையின் இடத்தில் விதியும் இருக்க வேண்டும். அடுத்த முறை பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கேட்டால், "எதுக்குங்க?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "எங்க குடுத்தா திரும்பக் கிடைக்கும்?" என்றும் கேளுங்கள்.